வயிற்றைத் தளர விடுங்கள்

எங்கள் மருத்துவமனையில் இப்போது யாரும் வயிற்றைத் திறப்பதில்லை. மூன்று ஓட்டை போட்டு, குழாயை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் வாரத்தில் ஒரு நாள் அங்கே போகிறேன். நோயாளிகளைப் பார்ப்பதாகப் பெயர். உண்மையில் தேநீர் குடிப்பதுதான் அதிகம். அப்படிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், புதிதாகச் சேர்ந்திருக்கும் அறுவை மருத்துவர் பிரியா என் எதிரே வந்து உட்கார்ந்து, என் காலத்தில் எத்தனை அப்பெண்டிக்ஸ் எடுத்திருப்பேன் என்று கேட்டார். கணக்கு வைக்கவில்லை, ஒரு லாரி தேறும் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“அதுல நல்ல அப்பெண்டிக்ஸ் எத்தனை சார்?”

அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து கூப்பிட, பிரியா எழுந்து போய்விட்டார். அவர் கேட்டது, நோய் இல்லாமலே நான் எடுத்துப் போட்டவை எத்தனை என்று. எண்ணிக்கை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அதன் சொந்தக்காரர் பெயர் சிராஜ்.

சிராஜிடம் வருவதற்கு முன் என் கல்வித் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் தேர்வை இரண்டு முறை எழுதியவன் நான். முதல் முறை தோற்றதற்கு என் பேன்ட் பாக்கெட்தான் காரணம். வயிற்றுச் சுவரில் பக்கத்துக்கு மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மேலே இருக்கும் தசையின் நார்கள், பாக்கெட்டுக்குள் கைவிட்டால் விரல்கள் எந்தப் பக்கம் பார்க்குமோ அந்தப் பக்கமாகச் சரிந்து இறங்கும். இப்படித்தான் எல்லா மாணவர்களும் நினைவு வைத்துக்கொள்வார்கள். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் அதையே கேட்டார். சரிபார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரியவர்கள் முன்னால் இப்படித்தான் நிற்பாயா என்று கேட்டு வெளியே அனுப்பிவிட்டார். ஆறு மாதம் கழித்து, பாக்கெட்டே வைக்காமல் ஒரு பேன்ட் தைத்துப் போட்டுக்கொண்டு போய்த் தேறினேன்.

அதற்குப் பிறகு மேற்படிப்பு, அரசாங்க வேலை, மாற்றல், ராஜினாமா எல்லாம் முடிந்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே தலைமை அறுவை மருத்துவரை எல்லோரும் சீஃப் என்றே அழைப்போம். சீஃப் யாரையும் திட்டமாட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வயிற்றைத் திறக்கும்போது ஒவ்வொரு அடுக்கு வந்ததும் எதிரே நிற்பவர் அதன் பெயரையும், நார் ஓடும் திசையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த அடுக்குக்குப் போவார். தோல், கொழுப்பு, பிறகு எக்ஸ்டர்னல் ஆப்ளிக், சரிந்து இறங்குவது. அதன் அடியில் இன்டர்னல் ஆப்ளிக், எதிர்ப்பக்கம் சரிவது. அதற்கும் அடியில் ட்ரான்ஸ்வெர்சஸ், அரைஞாண் மாதிரி குறுக்கே போவது. எதையும் வெட்டக் கூடாது. நார் போகும் வழியிலேயே இடுக்கியால் விலக்கி, வழி கேட்டு உள்ளே போக வேண்டும். மூடும்போது அதே பெயர்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும்.

தவறாகச் சொன்னால் சீஃப் கையிலிருக்கும் கருவியை டிரேயில் வைத்துவிடுவார். இரண்டு கைகளையும் மார்பின் மேல் கோத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். மயக்க மருந்து கொடுப்பவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். சிஸ்டர் ரெஜினா மட்டும் முகமூடிக்குள் உதட்டை அசைத்துச் சரியான பதிலைச் சொல்லித் தருவார். முகமூடிக்குள் உதடு அசைந்தால் எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வருஷத்தில் அந்த அடுக்குகள் என் ரத்தத்தில் ஊறிவிட்டன. ஒரு முறை வெங்காயம் உரித்துக்கொண்டே அவற்றை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து என் மனைவி என்னைச் சமையலறைக்குள் விடுவதில்லை. எப்படிப் பார்த்தாலும் லாபம்தான்.

ஆக, வயிற்றுச் சுவரைப் பற்றி அந்தச் சுற்றுவட்டாரத்தில் என்னைவிட அதிகம் ஒப்பிக்கக் கூடியவர் யாரும் இல்லை. ஆனால் அந்தச் சுவர் எனக்கு உள்ளே போகும் வாசல் மட்டும்தான். வாசலுக்கே ஒரு வியாதி வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன் எல்லா மருத்துவர்களும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: காலை மடக்குங்கள், வாயைத் திறந்து மூச்சு விடுங்கள், வயிற்றைத் தளர விடுங்கள். தசை இறுகியிருந்தால் உள்ளே இருப்பது கைக்குத் தட்டுப்படாது. அதனால் தசையை எப்படியாவது தூங்க வைக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வேன். பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், நேற்று மேட்ச் பார்த்தீர்களா என்று பேச்சுக் கொடுப்பேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் ஆழமாக இறங்கிவிடும். பேச்சு சுவாரசியத்தில் வலியையே மறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால், இவருக்கு வலியெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை என்று முடிவு செய்வேன். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு!

சிராஜ் வந்தது இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். முப்பது வயது இருக்கும். வீடு பெருங்களத்தூர். மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பயிற்சித் தொழிலாளி. இடுப்பளவு உயரமான இரும்புத் தொட்டிக்குள் குனிந்து, வார்ப்புகளை எடுத்து மிஷினில் மாட்டுவது அவர் வேலை. வலது அடிவயிற்றில் வலி. ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆனால் அவர் விரல் வைத்த இடம் அப்பெண்டிக்ஸ் இருக்கும் பேட்டை. போதாதா? ஆபரேஷன் என்றேன்.

அடுக்கடுக்காகப் பெயர் சொல்லித் திறந்தேன். உள்ளே இருந்தது, பாடப் புத்தகத்தில் ‘இயல்பானது’ என்று படம் போட்டிருப்பார்களே, அதேதான். வெளுப்பாக, மெலிதாக, யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் படுத்திருந்தது. திறந்த பிறகு எடுக்காமல் விடுகிற வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை. எடுத்தேன். ஆபரேஷன் குறிப்பில் ‘சற்றே சிவந்திருந்தது’ என்று எழுதினேன். நல்ல அப்பெண்டிக்ஸை எடுத்துவிட்ட மருத்துவர்கள் எழுதுகிற வாக்கியம் அது. சீஃப் குறிப்பைப் படித்தார், டிரேயில் கிடந்ததைப் பார்த்தார்.

“வெட்கத்துல சிவந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் வீட்டில் ஓய்வெடுத்தபோது சிராஜுக்கு வலி இல்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வேலைக்குத் திரும்பிய பத்தாவது நாள் வலியும் திரும்பியது. வந்தார். படுக்க வைத்து, காலை மடக்கி, மகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே அழுத்தினேன். பெயரைச் சொன்னாரே தவிர, வலி என்று சொல்லவில்லை. ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறுபடி வந்தார். எண்டோஸ்கோப்பி எழுதிக் கொடுத்தேன். அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே எரிச்சல் வந்தது. ஆபரேஷன் செய்த பிறகும் குணமாகாத நோயாளி மீது மருத்துவருக்கு வரும் கோபம் ஒரு தனி ரகம். அதை நாங்கள் யாரிடமும் சொல்லமாட்டோம். நோயாளியின் மனசில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வோம்.

அந்த நேரம் பார்த்து அவருடைய கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அடிக்கடி லீவு எடுக்கிறார், உடம்புக்கு என்ன என்று தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டே வரியில் பதில் எழுதினேன். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. அவர் சொல்லும் வலிக்கும் பரிசோதனைக்கும் பொருத்தம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரம் சிராஜ் தன் மனைவி ஷமீமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்ததாம், கடைசி ஆளாக வந்து சேர்ந்தார்கள். பயிற்சி முடிந்தவர்களில் யாரை நிரந்தரம் செய்வது என்று அந்த மாதம் பட்டியல் போடுகிறார்கள். என் இரண்டு வரியைப் படித்துவிட்டு மேலாளர் சிராஜைக் கூப்பிட்டு, டாக்டரே நீ நடிக்கிறாய் என்று எழுதிவிட்டார், உன் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். நடிப்பு என்ற சொல்லை நான் எழுதவில்லை என்று சிராஜிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷம் அந்தத் தொட்டிக்குள் குனிந்து நிமிர்ந்தவர். பட்டியலில் பெயர் வராவிட்டால் அடுத்த மாதம் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

நான் வழக்கம்போல அவரைப் படுக்கச் சொன்னேன். காலை மடக்கச் சொன்னேன். வயிற்றைத் தளர விடச் சொன்னேன். அதுவரை பேசாமல் நின்ற ஷமீமாவுக்கு அப்போதுதான் பொறுமை போனது.

“சார், ஒவ்வொரு வாட்டியும் இவரைப் படுக்க வெச்சு, ஒடம்பை லூசா உடச் சொல்றீங்க. லூசா உட்டா இவருக்கு வலிக்கவே இல்ல சார். படுத்துகினு கீறவரு எழுந்துக்கறப்பதான் துடிக்கிறாரு. நீங்க ஒரு வாட்டிகூட அதைப் பார்க்கலையே.”

நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கே வயிறு பார்க்கச் சொல்லித் தருகிறார்களா என்று நினைத்தேன். சரி, ஷமீமாவின் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் செய்தேன். காலை நீட்டச் சொன்னேன். சிராஜ் காட்டிய இடத்தில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினேன். அப்படியே தலையையும் தோளையும் தூக்கு என்றேன். பாதி தூக்கியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச்சுக் கொடுத்து மறக்கடிக்கிற வலி இல்லை அது.

தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசைகள் இறுகும். நோய் உள்ளே இருந்தால் இறுகிய தசை அதை மூடிக் காப்பாற்றும். அழுத்தினால் வலி குறையும். வலி தசையிலேயே இருந்தால் கூடும். இதை நான் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியிருக்கிறேன். முதுகிலிருந்து புறப்படும் நரம்புகள் இரண்டாவது தசைக்கும் மூன்றாவது தசைக்கும் நடுவில் ஓடி, முன்வயிற்றில் நெடுக்காக நிற்கும் ரெக்டஸ் தசையின் உறையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகின்றன. அந்தச் சின்னத் துளையில் நரம்பு மாட்டிக்கொண்டு வீங்கினால், தசை இறுகும் போதெல்லாம் உயிர் போகும். தினமும் இரும்புத் தொட்டியின் விளிம்பு அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் ஏன் மாட்டாது? அத்தனை அடுக்குகளையும் பெயர் சொல்லி விலக்கிக்கொண்டு, வலிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கத்தியோடு போய்விட்டு வந்தவன் நான்.

மரத்துப்போகும் மருந்தையும் கொஞ்சம் ஸ்டீராய்டையும் கலந்து அந்த ஒரு புள்ளியில் ஊசி போட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்து எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்தார். முகத்தைச் சுளிக்கத் தயாராக இருந்தவர் சுளிக்கவில்லை. மறுபடி படுத்து மறுபடி எழுந்தார். நான் போதும் என்று சொல்லும்வரை அதையே செய்துகொண்டிருந்தார். சிஸ்டர் ரெஜினா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ நான் ஆக்ட் குடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல சார்?” என்றார் சிராஜ், மனைவியைப் பார்த்துக்கொண்டே.

இல்லை, நரம்புதான் காரணம் என்று படம் போட்டு விளக்கினேன். எனக்குப் படம் போட நன்றாக வரும். ஷமீமா படத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் அந்த ஆபரேஷன் எதற்கு என்று கேட்டார். நான் பேனாவை மூடினேன். அப்பெண்டிக்ஸும் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது என்றேன். ‘கொஞ்சம்’ என்று சொல்லும்போது விரலால் அளவும் காட்டினேன். அவர் நம்பினாரா தெரியாது. மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்றைக்கே கம்பெனிக்குப் புதிய கடிதம் எழுதினேன். மேலாளர் போனில் வந்தார். ஒரே டாக்டர், ஒரே ஆள், பத்து நாளில் இரண்டு விதமான கடிதம், நான் எதை நம்புவது என்று மரியாதையாகவே கேட்டார். நேரில் வந்து சொன்னால் யோசிப்பதாகச் சொன்னார். சிராஜும் என்னை வரச் சொல்லிக் கெஞ்சினார். நான் சீஃபிடம் போய் அரை நாள் லீவு கேட்டேன்.

சீஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “போங்க. ஆனா அப்போ ஏன் ஆபரேஷன் பண்ணீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

கம்பெனிக்காரர்கள் அதையெல்லாம் கேட்கமாட்டார்கள் என்றேன்.

“கேப்பாங்க,” என்றார் சீஃப். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

மறைமலை நகர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மேலாளர் நல்ல மனிதர், மோர் கொடுத்தார். சிராஜ் கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் தசை, உறை, துளை, நரம்பு என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். மேலாளர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், அவருடைய அறையில் இருந்த சோபாவில் நானே படுத்தேன். என் வயிற்றில் விரலை வைத்து, இப்படித் தலையைத் தூக்கினால் தசை இறுகுவதைப் பாருங்கள் என்று காட்டினேன். என் வயிற்றில் தசை எங்கே இருக்கிறது? தொப்பைதான் குலுங்கியது. முதல் முயற்சியில் தலை எழும்பவே இல்லை. இரண்டாவது முயற்சியில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து சோபாவுக்கு அடியில் போனது. மேலாளர் ரொம்ப நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்தார். சிராஜ் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

மூச்சு வாங்கி முடிந்ததும் மேலாளர் கேட்டார்.

“எல்லாம் சரி டாக்டர். ப்ராப்ளம் வெளியிலதான்னா, உள்ள எதுக்கு ஆபரேட் பண்ணீங்க?”

‘சற்றே சிவந்திருந்தது’ என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் சிராஜுக்கு உள்ளேயும் வியாதி, வெளியேயும் வியாதி என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆளை எந்தக் கம்பெனி நிரந்தரம் செய்யும்? பொத்தான் இல்லாத சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“அது என் தப்பு. அவருக்கு அப்பெண்டிக்ஸ்ல எதுவும் இல்ல. நல்லா இருந்ததை எடுத்துட்டேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் சரியா பார்க்கல.”

என் வாழ்நாளில் அந்த வாக்கியங்களை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட இல்லை. மேலாளர் ஒரு தாளில் இதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். தொட்டியின் உயரத்தைக் குறைக்க ஏற்பாடு செய்வதாகவும், பட்டியலில் சிராஜின் பெயரைச் சேர்ப்பதாகவும் சொன்னார். எனக்கு நிம்மதி. நிம்மதி என்றால் கொஞ்சம் பெருமையும்தான். தப்பை ஒப்புக்கொண்ட பெரிய மனுஷன் என்ற நினைப்பு படியிறங்கும்போதே தலைக்கு ஏறிவிட்டது.

சிராஜ் கம்பெனி கேட் வரை கூட வந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் இரைந்துகொண்டு போய்க்கொண்டிருந்தன. அவர் கையெடுத்துக் கும்பிடுவார், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட நான் யோசித்து வைத்திருந்தேன்.

“அதை எனக்குத்தான சார் மொதல்ல சொல்லிருக்கணும்,” என்றார் சிராஜ். கோபமாகச் சொல்லவில்லை. “கத்தி பட்டது என் வயித்துல. மேனேஜர் வயித்துல இல்லையே.”

யோசித்து வைத்திருந்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஷமீமா கேட்டபோது விரலால் அளவு காட்டினேன். மேலாளர் கேட்டபோது உண்மை வந்தது. எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. அவருக்கு நேராகத் திரும்பி நின்று, உங்களுக்குத் தேவையில்லாத ஆபரேஷனை நான் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். சரியாக அந்த நேரத்தில் ஒரு ட்ரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சிராஜ் காதருகே கையை வைத்து, என்ன என்பதுபோல் பார்த்தார். லாரி போகும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.